நாவல் பொடியும் பதினேழாம் எண்ணும்

தாட்சாயணி பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்துக்குள் தூங்கிவிடுவாள். மடியில் ஐஸ் பெட்டி இருக்கும். அதன் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்து, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொள்வாள். கங்காதர நெல்லூரில் ஆரம்பிக்கும் தூக்கம் சித்தூரில் வண்டி மாறும்போது ஒருமுறை கலையும். பிறகு திருப்பதி வரைக்கும் போகும். கண்டக்டர் பெட்டியைத் தட்டி, "ஏமுந்தம்மா அந்துலோ?" என்று கேட்பார். உள்ளே இருப்பது மீனோ, குச்சி ஐஸோ என்று அவருக்குச் சந்தேகம். "டெஸ்டுக்கு" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வாள். எதை டெஸ்ட் செய்யப் போகிறார்கள் என்று அவர் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவளை இறக்கிவிட்டிருப்பார். பெட்டிக்குள் இருந்தது ஏழெட்டுப் பேருடைய மலம்.

இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அதை வைத்து நடந்த ஆராய்ச்சிக்குத் தட்டச்சு வேலை பார்த்தவன் நான். அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு முப்பது தடவை அடித்திருக்கிறேன். உள்ளே போவதைப் பற்றி மணிக்கணக்கில் பெருமை பேசுகிற மனிதர்கள், வெளியே வருவதைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

அது 2003ஆம் வருடம். பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இங்கே சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் மழையும் இல்லை, ஆண்களும் இல்லை. கொத்து வேலை தெரிந்தவன் பெங்களூருக்கு, தையல் தெரிந்தவன் திருப்பூருக்கு, எதுவும் தெரியாதவன் எங்கே லாரி நிற்கிறதோ அங்கே என்று போய்விட்டார்கள். தாட்சாயணியின் கணவர் முனிரத்தினமும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார். ரேஷன் கடையில் அவரைப் பற்றிக் கேட்டால், "வீட்லதான் கீறாரு, தூங்குறாரு" என்பாள். மூன்று வருடமாக அந்த மனிதர் தூங்கிக்கொண்டேதான் இருந்தார். இல்லையென்றால் அட்டையில் பெயரை அடித்துவிடுவார்களே.

அவளுக்கு வேலை கொடுத்தவர் நளினி மேடம். திருப்பதியில் குடல் டாக்டர். பெருங்குடலில் புண் வந்து, நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை இரத்தமாகப் போகிற நோயாளிகள் இருபது பேரை மேடம் சேர்த்திருந்தார். இருபது பேரும் வழக்கமான மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அதில் பத்துப் பேருக்கு மட்டும், கொட்டையை நீக்கி நிழலில் உலர்த்தி அரைத்த நாவல்பழப் பொடி. தினமும் இரண்டு ஸ்பூன் மோரில் கலந்து, பன்னிரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டப்பா வரும். அதைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் பூசி, காற்றுப் புகாத ஜாடியில் உடம்புச் சூட்டில் வைத்தால், இரண்டு நாளில் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். அவற்றை எண்ணுவார்கள்.

பழத்துக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம் என்று மேடம் எங்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. தாட்சாயணி அதை ஊர்ப் பெண்களுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லுவாள்.

"நாவப்பழம் துன்னா நாக்கு ஊதாவாவுதில்ல? அந்த ஊதா மேல் வயித்துல முக்காவாசி கரையறதில்ல. நேரா கடைசிக் குடலுக்குப் போய்ச் சேருது. அங்க கோடிக்கணக்குல பூச்சிங்க கடைசிப் பந்திக்கு உக்காந்துக்கினு கீதுங்க. முதல் பந்தியில மிஞ்சினதுதான் அதுங்களுக்குச் சோறு. நல்ல பூச்சிங்க அந்த ஊதாவைத் துன்னு, உடைச்சு, புண்ணு ஆறறதுக்கு ஒரு சத்தை விடுதுங்கன்னு சொல்றாங்க. மெய்யாலுமே விடுதா இல்லையான்னுதான் நாங்க பாக்கறோம்."

மேடம் இதைக் கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் எழுதினதை விட இது நல்லா இருக்கு, தாட்சாயணி" என்றார்.

அந்தப் பந்தி அவளுக்கு வெறும் பேச்சில்லை. பஸ்ஸில் கண்ணை மூடினால் அவள் அங்கேதான் போவாள். வெளிச்சமோ காற்றோ இல்லாத, வெதுவெதுப்பான நீண்ட பந்தல். சுவர்கள் மெதுவாக மூச்சு விடும். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு பேர்கள், யாருக்கும் முகமில்லை. எல்லோர் முன்னாலும் இலை. மேலே எங்கிருந்தோ ஊதா நிறம் கஞ்சி போல மெல்ல இறங்கி வரும். அவள் கரண்டியோடு பரிமாறிக்கொண்டே போவாள், வரிசை முடியாது. யாரும் பேச மாட்டார்கள், ஆனால் எல்லோரும் திருப்தியாக இருப்பது தெரியும். திருப்பதி வந்து ஆட்டோக்காரர்கள் கூவும்போது எழுந்து, கையில் கரண்டி இல்லையே என்று ஒரு நிமிடம் பார்ப்பாளாம். இதை என்னிடம் சொன்னபோது, "கூலி இல்லாம அங்கயும் வேலை பாக்கறியா?" என்று கேலி செய்தேன். "அங்க வேலைக் களைப்பே தெரியறதில்ல சார்" என்றாள்.

பொடி சாப்பிடுகிற பத்துப் பேரில் பதினேழாம் எண் சிட்டிபாபு. கங்காதர நெல்லூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். வயது இருபத்தெட்டு. அவன் அப்பா காலத்தில் அரசாங்கம் கொடுத்த ஒண்ணரை ஏக்கர், அதில் வேர்க்கடலை போட்டுக் காய்ந்துபோயிருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் பெங்களூருக்குப் போய்விட, இவன் மட்டும் அவசரத்துக்கு ஒதுங்க வேலிக்காத்தான் புதர் பக்கத்திலேயே இருக்கிற ஊரை விட்டு நகர முடியாமல் கிடந்தான். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் எப்படி உட்காருவது என்பதுதான் அவன் கவலை. முதல் டப்பாவை அவனே கொண்டுவந்து, பேப்பரில் சுற்றி, தலையைத் திருப்பிக்கொண்டு கொடுத்தான். சிவப்பாக இருந்தது.

அவன் மனைவி மல்லிகாவிடம் தாட்சாயணி எல்லோருக்கும் சொல்வதையே சொன்னாள். "எது நடந்தாலும் டப்பா மட்டும் காலியா வரக் கூடாதும்மா. வந்தா பேரை அடிச்சிடுவாங்க. ஓசி மாத்திரையும் நின்னுடும்."

இரண்டாவது டப்பாவிலிருந்து மல்லிகாதான் கொண்டுவந்து கொடுத்தாள், அவருக்கு வெட்கம் என்றாள். அதில் சிவப்பே இல்லை. நான்காவது வாரத்தில் நல்ல கிருமிகள் மூன்று மடங்கு. ஆறாவது வாரத்தில் தட்டு முழுக்கப் புள்ளிகள், பாயசத்தில் ஜவ்வரிசி மாதிரி. மற்ற ஒன்பது பேருக்கும் ஏதோ கொஞ்சம் கூடியிருந்தது, கூடவில்லை என்றும் சொல்லலாம். பதினேழுதான் மேடத்தை மிதக்கவிட்டது. அந்த மாதம் அவர் நடந்து போகும்போது செருப்புச் சத்தமே கேட்கவில்லை. எட்டாவது வாரம் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னார். பதினேழுக்கு நான்தான் இங்கிலீஷில் அடித்தேன்: இரத்தம் இல்லை, குடல் கிருமிகளில் சிறந்த முன்னேற்றம். 'சிறந்த' என்பதற்குக் கீழே ஒரு கோடும் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

பத்தாவது வாரத்தில் பதினேழாம் தட்டு வெறுமையாக இருந்தது.

தட்டு கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடி பூசினார்கள். மறுபடியும் ஏழெட்டுப் புள்ளிகள்தான். மேடம் பார்த்துவிட்டு, "இந்தாளு ஏதோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கான். இருக்கிறதெல்லாம் செத்துப்போயிருக்கு. போய் என்ன மாத்திரைன்னு கேட்டு எழுதிட்டு வாங்க" என்றார். அன்று பஸ்ஸில் தாட்சாயணி கண்ணை மூடியபோது பந்தல் இருந்தது, இலை போட்டிருந்தது, உட்கார ஆள் இல்லை. ஊதா மட்டும் இறங்கி இறங்கித் தரையில் தேங்கியது.

மல்லிகா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தாட்சாயணி கேட்டாள்: "உங்க வூட்டுக்காரருக்குக் காய்ச்சலாம்மா? இன்னா மாத்திரை போட்டாரு?"

"அவருக்கு இல்லக்கா. எனக்குத்தான் காய்ச்சல். எங்க ஊரு ஆர்எம்பி டாக்டர் செவப்பும் கறுப்புமா கேப்சூல் குடுத்தாரு, அஞ்சு நாளு."

சொல்லி முடித்த பிறகுதான் மல்லிகாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கடலை உரிக்கிற கை நின்றது. தாட்சாயணி அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இரண்டு டயரிலும் காற்றில்லை, ஹேண்டில் பாரில் ஒட்டடை.

"அவரு எங்கம்மா?"

"பெங்களூருல. முதல் டப்பா குடுத்த மறு வாரமே பூட்டாரு. மாத்திரை போட்டதுல கொஞ்சம் அடங்குச்சு, கூட்டாளிங்க கூப்பிட்டாங்க."

"அப்ப டப்பா?"

"நான்தான். நீதானேக்கா சொன்னே, காலியா வரக் கூடாதுன்னு."

"பொடி?"

"அதையும் நான்தான் துன்னேன்." மல்லிகா கையில் இருந்த கடலையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "ஏமாத்தணும்னு இல்லக்கா. போன வருசம் அவரு மலைக்கு நடந்து ஏறறேன்னு நேந்துக்கினாரு. படியேற சொல்லோ நடுவுல பத்து வாட்டி ஓடணுமே, எப்படி ஏறுவாரு? அவருக்குப் பதிலா நான்தான் ஏறினேன். சாமி ஒத்துக்கிச்சு. அதுக்கப்புறம் மூணு மாசம் நல்லாத்தான் இருந்தாரு. அவரு பேர்ல வந்த பொடி, நான் துன்னாலும் அவருக்குச் சேராதா போவும்னு நெனச்சேன்."

பிறகு தாட்சாயணி இதைச் சொல்லக் கேட்டு நான் முதலில் சிரித்தேன். ஒத்துக்கொள்கிறேன். புருஷன் பேரில் விரதம் இருக்கலாம், அங்கப்பிரதட்சணம் பண்ணலாம், முடி இறக்கலாம். நம் ஊரில் பெண்டாட்டிக்கு எல்லா அதிகாரமும் உண்டு, குடலுக்கு மட்டும் கிடையாதா என்று மல்லிகா கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? தாட்சாயணி சிரிக்கவில்லை. மூன்று வருடமாகத் திருப்பூர் ஆளை ரேஷன் கடைக்காகத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"மாத்திரையாவது அவருக்குப் போவுதா?" என்று கேட்டாள்.

மல்லிகா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். திறந்தால் மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காதவை. "முதல்ல ஊர்க்காரங்க போகச் சொல்லோ குடுத்து அனுப்பிக்கினுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில ரிப்போர்ட் குடுத்தீங்கல்ல, அதையும் அனுப்பினேன். அதுக்கப்புறம் மாத்திரை வேணாம்னுட்டாரு. சரியாயிடுச்சே, எதுக்குன்னாரு."

"வயிறு எப்படிக் கீதாம்?"

"கொஞ்சம் சூடாம். பெங்களூருத் தண்ணி ஒத்துக்கலியாம்." அவள் குரல் இறங்கியது. "போன வாரம் போனுல பேசச் சொல்லோ, ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்கினாருக்கா."

தாட்சாயணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒருத்தியின் நல்ல வயிற்றைப் பார்த்து எழுதிய காகிதத்தை நம்பி, இன்னொருத்தன் தன் இரத்தத்தைச் சூடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மாத்திரையை விட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எத்தனை நாள் தாங்குவான் என்பதுதான் கேள்வி.

அன்று மாலை அவள் திருப்பதிக்கு வந்து மேடத்திடம் சொன்னபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். டைப்ரைட்டரை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை பணம் கொடுக்கிற கமிட்டி வருகிறது, பதினேழை வைத்துத்தான் எல்லா வரைபடமும் போட்டிருந்தது.

"பதினேழை எடுத்தா பொடி சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் வித்தியாசமே இருக்காது" என்றார் மேடம். "சனிக்கிழமை வரைக்கும் இதை..."

"மேடம், அவரு இப்ப எங்க படுத்துக்கினு கீறாருன்னு கூடத் தெரியாது" என்றாள் தாட்சாயணி. சத்தமாகச் சொல்லவில்லை. "டப்பா காலியா வரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். என் வேலை போனா போவுது. நான் காலையில பெங்களூருக்குப் போறேன்."

எனக்கு மேடத்தின் மேல் ஆத்திரம் வந்தது. நல்லவேளை, அதைக் காட்டுவதற்குள் அவர் பேனாவை எடுத்தார். நோட்டில் பதினேழாம் வரி முழுவதையும் ஒரே கோடாக அடித்தார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பெங்களூரில் தன்னோடு படித்த டாக்டர் ஒருவருக்குப் போன் போட்டார். படித்தவர்கள் தடுமாறுவதில் தப்பில்லை, எழுந்துகொண்டால் சரி.

முடிவுக்காக உங்களைக் காக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை, எனக்கே அது பிடிக்காது. சிட்டிபாபு பிழைத்தான். ஆறு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள், இரண்டு மாதம் படுக்கையில் இருந்தான். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும் என்றார் அந்த டாக்டர். பொடிக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது பேரை வைத்து மேடம் எழுதினார்: நாவலின் ஊதாவால் சிலருக்கு நல்ல கிருமிகள் சற்றுக் கூடுகின்றன, புண் ஆறுகிறதா என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது, மாத்திரைக்கு இது மாற்று அல்ல. கமிட்டி பணம் தரவில்லை. தாட்சாயணியின் வேலை அடுத்த மார்ச்சோடு முடிந்தது. பிறகு ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தாள், அங்கேயும் லேபில்தான். நாவல் சீசனில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், நாக்கு ஊதாவாக இருந்தது. "பந்திக்குப் பரிமாறணுமில்ல சார்" என்றாள்.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஆறாதது பெங்களூரில் ஒரு தகரக் கொட்டகையில் நடந்ததுதான். தாட்சாயணியே சொல்லக் கேட்டது.

மல்லிகாவும் அவளும் மறுநாள் பெங்களூரில் இறங்கி, மாத்திரை கொண்டுபோன ஊர்க்காரர்கள் சொன்ன அடையாளத்தை வைத்து இரண்டு டவுன் பஸ் மாறி, மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். பத்து மாடிக்குக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தார்கள். மேகமெல்லாம் கட்டடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது போல இருந்தது என்றாள். இரவு முழுக்கத் தூங்காததால் தான் நடப்பது கனவிலா நிஜத்திலா என்றே தெரியவில்லையாம். கட்டடத்தின் பின்னால் வேலையாட்களின் கொட்டகைகள். கடைசிக் கொட்டகையில், சிமெண்ட் சாக்கின் மேல் சிட்டிபாபு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. மல்லிகாவைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னாமே, சொல்லாம கொள்ளாம? இன்னிக்கு ஒரு நாளு லீவு போட்டேன். சூடு, அவ்ளோதான். நாளைக்கு ஏறிடுவேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்புய்யா" என்றாள் மல்லிகா.

"எதுக்கு?" அவன் தலைமாட்டில் பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்தான். நான் அடித்த ரிப்போர்ட். லேமினேட் செய்து வைத்திருந்தான். அதைக் காட்டித்தான் மேஸ்திரியிடம் ஐந்தாவது மாடிக்குக் கம்பி தூக்கும் வேலைக்கு மாற்றம் வாங்கியிருந்தான். நோயாளி இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கோடு போட்ட வார்த்தையின் மேல் விரலை வைத்துத் தாட்சாயணியிடம் நீட்டினான். "இங்கிலீஷ் தெரிஞ்ச இன்ஜினீயர் படிச்சுச் சொன்னாருக்கா. எல்லாம் சரியாயிடுச்சின்னு உங்க டாக்டரம்மாதான் எழுதியிருக்காங்க. ரெத்தம் வந்தாலும் நான் பயப்படறதே இல்ல. இதைப் பாத்துக்குவேன், தூங்கிடுவேன்."

அதுவரை யார் வீட்டு வாசலிலும் எதையும் கூசாமல் பேசிய தாட்சாயணி, அங்கே நின்றுகொண்டு அழுதாள்.

மல்லிகாதான் அவன் முன்னால் மண்டி போட்டாள். அந்தக் காகிதத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"அதுல எழுதியிருக்கறது நீ இல்லய்யா. நான்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் டப்பாவைச் சொன்னாள், பொடியைச் சொன்னாள், மலையேறின மாதிரி நினைத்ததைச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டான். வெளியே யாரோ கண்ணாடியை இறக்கச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எனக்குச் சரியாவே ஆவலியா?" என்று கேட்டான்.

"ஆவலய்யா."

அவன் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பார்த்தான். பிளாஸ்டிக் கிழியவில்லை. இன்னொரு தடவை முயன்றான். பிறகு அதை மல்லிகாவின் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிக்கோமே. நீயாவது நல்லா கீறே" என்று சொல்லிவிட்டு, எழுந்து நிற்பதற்காக அவள் தோளைப் பிடித்தான்.